மரக்கன்றுக்குச் சபை காசு தரும், தண்ணீருக்கு யார் தருவது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ கூடி "எங்கட வீதிக்கு மரம் நடுவம்" என்று தீர்மானித்தால், அடுத்து எழும் கேள்வி காசு. யாராவது ஒருவர் "சபையில கேட்டுப் பாப்பம்" என்பார். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். எந்தச் சபை, சபையில் யார், எந்த மாதத்தில், என்ன பெயரில் கேட்பது என்பது பலருக்குத் தெரியாது. கேட்டால் தருவார்களா என்ற சந்தேகம் வேறு.

தருவார்கள். மரநடுகைக்குச் சபைப் பணம் பெறுவது பலர் நினைப்பதைவிடச் சுலபம். கன்று மலிவு, படம் எடுக்க அழகு, சபையில் எந்தக் கட்சியும் எழுந்து நின்று எதிர்க்காது. கடினமாக இருப்பது நட்டதற்குப் பிந்திய இரண்டு வருடங்களுக்கான பணம். நம் பகுதியில் கன்றுகள் சாவது அந்த இரண்டு வருடத்தில்தான். ஆகவே பணம் வரும் வழியைச் சொல்லிவிட்டு, அந்தப் பின்செலவைப் பற்றியே இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது?

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் குழம்புவது பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில். பெயரும் பக்கத்துப் பெயர், கட்டடமும் சில ஊர்களில் பக்கத்துக் கட்டடம். பிரதேச செயலகம் மத்திய அரசின் கை. அங்கே இருப்பவர் நியமிக்கப்பட்ட பிரதேச செயலாளர், அவருக்குக் கீழே கிராம உத்தியோகத்தர்கள். பிரதேச சபை நாம் வாக்குப்போட்டுத் தெரிவது. அங்கே தவிசாளர், உறுப்பினர்கள், நிர்வாகத்துக்கு ஒரு செயலாளர். வீதி விளக்கு, குப்பை, சந்தை, மயானம், பூங்கா, உள்வீதி எல்லாம் சபையின் பொறுப்பு. மரநடுகைக்கான கடிதம் தவறிப்போய்ச் செயலகத்தில் கிடந்தால் அதில் யாருக்கும் குற்றமில்லை, ஆனால் மாரி போய்விடும்.

நகரமாக இருந்தால் பெயர் மாறும். மட்டக்களப்பு நகரத்துக்கு மாநகர சபை, காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் நகர சபை, மாவட்டத்தின் மற்ற இடங்களுக்குப் பிரதேச சபைகள். அம்பாறை மாவட்டத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் மாநகர சபைகள், அம்பாறை நகரம் நகர சபை, மற்றவை பிரதேச சபைகள். மாநகர சபையில் தவிசாளர் இடத்தில் முதல்வர், செயலாளர் இடத்தில் ஆணையாளர். மூன்று வகைக்கும் தனித்தனிச் சட்டம் இருந்தாலும் பணம் நகரும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல் நடக்கும்வரை சபைகளில் உறுப்பினர்களே இல்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நடத்தினார்கள். அந்த இரண்டு வருடத்தில் வட்டார உறுப்பினரிடம் போய் ஒரு விடயத்தைச் சொல்லும் பழக்கமே பல சங்கங்களுக்கு விட்டுப்போயிருக்கும். கல்முனை மாநகர சபைக்கு அன்று தேர்தல் நடக்கவில்லை; தேர்தல் நடந்த மற்றச் சபைகளில் இப்போது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆள் இருக்கிறார். முதலில் அவரைப் பிடியுங்கள்.

அதற்கு முன்னால் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். பணம் எங்கே இருந்து வரலாம் என்பதை இதுவே பாதி முடிவு செய்துவிடும். மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போகும் பெரிய வீதி ஏ-4. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதற்கு அடுத்த தரத்து வீதிகள் சில மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. நாம் குடியிருக்கும் ஒழுங்கைகளும் உள்வீதிகளும்தான் பெரும்பாலும் சபையினுடையவை. பெரிய வீதியோரம் நடுவதற்குச் சபை பணம் தந்தாலும், குழி தோண்ட அனுமதி தரவேண்டியவர் வேறொருவர். நாளைக்கு வீதியை அகலமாக்கும்போது மரத்தைப் பிடுங்குபவரும் அவரே.

பாடசாலை வளவு கல்வித் திணைக்களத்தினுடையது. கோயில், பள்ளிவாசல், தேவாலய வளவு அந்தந்த நிருவாகத்தினுடையது. வாவிக்கரையும் கடற்கரையும் இன்னும் சிக்கல். கடலோரத்தில் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோரம் பேணல் சட்டத்துக்குள் வருகிறது. வாவிக்கரையில் கண்டல் நடுவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் சேர்த்துக்கொள்ளாமல் ஒன்றும் செய்யக்கூடாது. முதல் தடவை கேட்கும் சங்கம் சபையின் சொந்த இடத்தைத் தெரிவு செய்வது நல்லது: ஒழுங்கை, விளையாட்டு மைதானம், மயானம், சந்தை வளவு. மயானம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வேலி இருக்கும், பல இடங்களில் கிணறும் இருக்கும், மின்கம்பி குறுக்கே போகாது. வெயிலில் ஒரு மரணச் சடங்குக்கு நின்றவர்களுக்கு அங்கே நிழல் எவ்வளவு தேவை என்று தெரியும்.

சபைக்குக் காசு வரும் வழி

சபையின் சொந்த வருமானத்தில் முக்கியமானது சோலை வரி. வீட்டுக்கும் கடைக்கும் ஆண்டுப் பெறுமதி கணித்து அதில் ஒரு வீதம் அறவிடுவார்கள். அதோடு வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம். காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை ஊடாகச் சபைக்கு வரும். ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு கொடுக்கிறது.

கிராமப்புறப் பிரதேச சபைகளுக்கு இந்தச் சொந்த வருமானம் மெலிவு. அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான் சோலை வரி அறவிடலாம் என்பதால், வாவிக்கு மேற்கே வயலும் சேனையும் நிறைந்த படுவான்கரைச் சபை ஒன்றுக்கும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கிக் குடியிருக்கும் எழுவான்கரை நகரச் சபை ஒன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கும். உங்கள் சபை இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. வருமானம் குறைந்த சபையிடம் ரொக்கத்தைவிட உழவு இயந்திரம், தண்ணீர்ப் பவுசர், ஆட்கள், கூட்டெரு என்று பொருளாகவும் சேவையாகவும் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். திண்மக் கழிவிலிருந்து கூட்டெரு தயாரிக்கும் சபைகள் நம் பகுதியில் இருக்கின்றன. அந்த எருவைக் குழிக்குப் போடுவதற்குக் கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை.

சொந்த வருமானம் போக, வெளியிலிருந்து வருவது. மாகாண சபை ஊடாக வரும் அபிவிருத்தி நன்கொடைகள், பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, உலக வங்கி போன்றவற்றின் உதவியோடு நடக்கும் திட்டங்கள். வடக்குக் கிழக்கில் நெல்சிப் என்ற பெயர் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சபைகள் ஊரவரைக் கூட்டி, தேவைகளை வரிசைப்படுத்தி, அதன்படி வேலை செய்ய வேண்டும் என்ற பழக்கம் அப்படியான திட்டங்களோடு நன்றாகப் பரவியது.

வெளியிலிருந்து வரும் பணத்துக்கும் சபையின் சொந்த நிதிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. அரசாங்க ஒதுக்கீடு டிசம்பர் 31 க்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகும். சபையின் சொந்த நிதி சபையிடமே இருக்கும், அடுத்த வருடப் பாதீட்டில் மீண்டும் ஒதுக்கிக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பாதீடும் மாரியும்

நம் பகுதிக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசியில் தொடங்கி தை வரை. கன்று நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை. அப்போது நட்டால் இரண்டு மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். வேர் கொஞ்சம் கீழே இறங்கிவிடும்.

சபையின் நிதியாண்டோ ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. பாதீடு அதற்கு முந்திய வருடக் கடைசி மாதங்களில் தயாராகி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, சபையில் வாக்கெடுப்புக்கு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் உடனே தெரியும். 2027 மாரியில் நடுவதற்குப் பணம் வேண்டுமானால், 2026 இல் தயாராகும் பாதீட்டுக்குள் அது இருக்க வேண்டும். அதாவது 2026 ஆவணி, புரட்டாதிக்குள் உங்கள் கடிதம் சபையில் இருக்க வேண்டும். மழை வந்ததும் உற்சாகம் வந்து கார்த்திகையில் கடிதம் கொடுக்கும் சங்கத்துக்கு, அந்த வருடப் பணம் முடிந்திருக்கும், அடுத்த வருடப் பாதீடும் மூடியிருக்கும்.

அடுத்த சிக்கல் இதைவிட மோசமானது. நடுகைக்குப் பணம் ஒதுக்கி, கார்த்திகையில் நட்டு, டிசம்பருக்குள் வவுச்சர் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். கோப்பில் திட்டம் வெற்றி. மரத்துக்குத் தண்ணீர் தேவைப்படுவது அடுத்த வருடம் மே மாதத்தில், கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும்போது. அந்த மாதம் வேறொரு நிதியாண்டில் இருக்கிறது. அந்த நிதியாண்டின் பாதீட்டில் அந்த மரங்கள் இல்லவே இல்லை. முடிந்துபோன திட்டத்துக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை.

கணக்குப் பாஷையில் இதை மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்பார்கள். கன்றும் கம்பிக்கூடும் வாங்குவது கலியாணச் செலவு, தண்ணீர் ஊற்றுவது குடும்பம் நடத்தும் செலவு. வெளியிலிருந்து வரும் பணத்துக்கு முன்னதுதான் பிடிக்கும். ஒரே தடவையில் முடியும், திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப்பலகை போடலாம். பெயர்ப்பலகைக்கும் விழாச் சிற்றுண்டிக்கும் மதிப்பீட்டில் இடம் இருக்கும், தண்ணீருக்கு இடம் இருக்காது. பிரமுகர் ஒருவர் நட்ட கன்று வெயிலில் காய்ந்து, அவருடைய பெயர்ப்பலகை மட்டும் வருடக்கணக்கில் நிற்பதை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

ஜூன் 5 பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுற்றாடல் தினம். அன்றைக்கு மரம் நடச் சொல்லி எல்லா அலுவலகங்களும் மும்முரமாகும். சில நிதிகள் அந்த நாளோடு கட்டியே வரும். தென்மேற்கு மழை பெய்யும் கொழும்பு, காலிப் பக்கத்துக்கு அது பொருந்தும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஜூன் என்பது கச்சான் காலம். மணல் சுடும் மாதத்தில் கன்றை நடுவது, நடாமல் விடுவதைவிடச் செலவு கூடிய வேலை. ஜூன் 5 க்குப் பணம் கிடைத்தால் அதை மறுக்கவும் வேண்டாம், நடவும் வேண்டாம். அந்தப் பணத்தில் நாற்றுமேடை போடுங்கள். வேப்பம்பழம் விழுவதும் வருட நடுப்பகுதியில்தான், வேப்பங்கொட்டை வைத்திருந்தால் சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும், உடனே பையில் போட வேண்டும். ஜூன், ஜூலையில் பையில் போட்டது கார்த்திகைக்கு நடும் அளவுக்கு வந்திருக்கும். விழாவுக்கு வந்தவர்கள் பையில் விதை ஊன்றுவதையும் படம் எடுக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கன்று. கரையோர மணலில் முதல் வருடக் கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லீட்டர், வாரத்துக்கு இரு தடவை என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 2,000 லீட்டர். மே தொடக்கம் செப்டெம்பர் முடிய ஏறக்குறைய 22 வாரம். மொத்தம் 44,000 லீட்டர். 4,000 லீட்டர் பவுசர் என்றால் 11 முழுப் பவுசர். இரண்டு கச்சானுக்கு 22 பவுசர். ஒவ்வொரு பவுசருக்கும் டீசல், சாரதி, குழாய் பிடிக்க ஒருவர்.

இதை ரூபாயாக மாற்றும் வேலையைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால் அன்றைய விலைக்குச் செய்து தருவார். செய்து பார்த்தால் பெரும்பாலும் கன்றின் விலையைத் தண்ணீர் தாண்டிவிடும். கூட்டத்தில் இந்தத் தொகையை வாசித்தால் முதலில் எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் ஒருவர் "50 கன்று நட்டால் போதாதா?" என்பார். அவர் சொல்வது சரி. கையில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற கன்று. கன்றுக்கு ஏற்ற தண்ணீர் தேடப் போனால் திட்டம் உடையும்.

பவுசரை நம்புவதிலும் ஒரு சங்கடம் உண்டு. கச்சான் காலத்தில்தான் படுவான்கரைக் கிராமங்களில் கிணறு வற்றிக் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு வரும். அந்த மாதங்களில் சபைப் பவுசர் குடிதண்ணீருக்கு ஓடும். மனிதருக்குப் போகும் தண்ணீரை மரத்துக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது, கேட்கவும் கூடாது. ஆகவே முழுக்கப் பவுசரில் தொங்கும் திட்டம் எழுதவேண்டாம். ஊருக்குள் இருக்கும் வேறு தண்ணீரைத் தேடுங்கள். பள்ளிவாசலில் வுழூச் செய்து வழியும் தண்ணீர் நாள்முழுக்கக் கானுக்குள் போகிறது. அதை ஒரு சிறு தொட்டியில் தேக்கிக் குழாய் போட்டால் பக்கத்து ஒழுங்கையின் கன்றுகளுக்குப் போதும். கோயில் கிணறு, பாடசாலையில் கைகழுவும் இடம், சந்தையில் மரக்கறி கழுவும் தண்ணீர் இவையும் அப்படித்தான். மீன் கழுவிய உப்புத் தண்ணீர் வேண்டாம். வாவிக்கு அருகில் உள்ள கிணறுகள் கோடையில் உவர்க்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் முன்னால் சொன்ன வேறுபாடு உதவும். தொட்டியும் குழாயும் மூலதனச் செலவு. கன்று, கம்பிக்கூடு, தொட்டி, குழாய் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரும் நிதியில் கேட்கலாம், டிசம்பருக்குள் செலவும் ஆகிவிடும். அடுத்த இரண்டு வருடப் பராமரிப்பைச் சபையின் சொந்த நிதியில், பாதீட்டில் தனி ஒரு செலவுத் தலைப்பாகக் கேளுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், ஆனால் "மரப் பராமரிப்பு" என்ற தலைப்பு அந்தப் பாதீட்டில் இருக்க வேண்டும். தலைப்பு இருந்தால் அடுத்த வருடம் தொகையைக் கூட்டிக் கேட்கலாம். தலைப்பே இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கெஞ்ச வேண்டும்.

கம்பிக்கூட்டுக்கு ஒரு சொல். கட்டாக்காலி மாடுகளைப் பற்றி நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கூடு இல்லாமல் வீதியோரத்தில் வைக்கும் கன்று மாட்டுக்கு வைத்த தீன். மதிப்பீட்டில் பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது கூடுதான். அதை வெட்ட விடாதீர்கள், கன்றின் எண்ணிக்கையை வெட்டச் சொல்லுங்கள்.

சங்கம் எப்படிப் பணம் பெறும்?

சபை தன் ஆட்களைக் கொண்டே வேலையைச் செய்யலாம், ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கலாம், ஊர்ச் சங்கத்திடமும் கொடுக்கலாம். மூன்றாவதைச் சமூக ஒப்பந்தம் என்பார்கள். அதற்குச் சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சனசமூக நிலையம் உள்ளூராட்சிப் பக்கம் பதிவாவது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்தித் திணைக்களப் பக்கம். பதிவோடு, இரண்டு பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, கூட்டறிக்கைப் புத்தகம், போன வருடக் கணக்கறிக்கை. இவை இல்லாமல் சபை விரும்பினாலும் காசோலை எழுத முடியாது, ஏனென்றால் சபையின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் பார்க்கிறது. சாக்கு ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு வையுங்கள்.

பணம் கட்டங்கட்டமாக வரும். நட்டதும் முழுப்பணத்தையும் கொடுத்து முடிப்பதுதான் வழமை. ஆனால் மரத்துக்கு அது பொருந்தாத வழமை என்பது என் கருத்து. சியேரா லியோன் நாட்டுத் தலைநகரான ஃப்ரீடவுனில் 2020 இல் தொடங்கிய மரநடுகைத் திட்டத்தில், ஊரவர்கள் மரத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். மரத்தை வளர்ப்பதற்காகத்தான் அவர்களுக்குச் சிறு தொகை வருகிறது. மண்சரிவில் அடிபட்ட ஒரு ஏழை நகரம் செய்கிற காரியம் அது. நம் சபைகளும் அளவில் சின்னதாகச் செய்யலாம்: நடும்போது ஒரு பகுதி, முதலாவது கச்சான் முடிந்தபின் உயிரோடு இருக்கும் கன்றை எண்ணி ஒரு பகுதி, இரண்டாவது கச்சானுக்குப் பின் மீதி. அந்த எண்ணிக்கைக்கு வட்டார உறுப்பினரும் சபை உத்தியோகத்தர் ஒருவரும் வந்தால் போதும். பிந்திய பகுதிகளைச் சபையின் சொந்த நிதியில் வைத்தால் டிசம்பர் 31 சிக்கலும் இல்லை.

சிரமதானத்தையும் சும்மா விட்டுவிடக்கூடாது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 1988 இல் தொடங்கிய ஒரு நிதியில், ஊரவர் கொடுக்கும் உழைப்பு நேரத்துக்குப் பணமதிப்புப் போட்டு, அதை அவர்களுடைய பங்காக எடுத்துக்கொண்டு நகரம் தன் பங்கைப் போடுகிறது. நம் ஊரில் 40 பேர் ஒரு சனிக்கிழமை முழுக்கக் குழி தோண்டிவிட்டு அதை எங்கேயும் எழுதுவதில்லை. எழுதுங்கள். கூலியாள் போட்டிருந்தால் எவ்வளவு என்று பக்கத்தில் போடுங்கள். "எங்கள் பங்கு இவ்வளவு, உங்களிடம் கேட்பது இவ்வளவு" என்று எழுதிய கடிதத்துக்குச் சபைக் கூட்டத்தில் மதிப்பு வேறு.

கடிதம் சபைக்குள் போனபின் எங்கே போகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரதேச சபைச் சட்டப்படி அமைக்கும் குழுக்களில் ஒன்று சுற்றாடல், வசதிகள் தொடர்பானது. சபை உறுப்பினர் அல்லாத ஊரவரையும் அப்படியான குழுக்களில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பல ஊர்களில் அந்த இடத்தைக் கேட்பார் இல்லை. உங்கள் சங்கத்தில் செடிகொடி தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ விவசாயப் போதனாசிரியரோ இருந்தால் அவரை அனுப்பக் கேட்டுப்பாருங்கள்.

போன வருடம் உங்கள் சபை மரநடுகைக்கு எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு செலவழித்தது என்று அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சண்டைக்குப் போவதாக இதை எடுக்கத் தேவையில்லை. பழைய தொகை தெரிந்தால் நீங்கள் கேட்கும் தொகை நியாயமானதா என்று உங்களுக்கே விளங்கும். மரத்துக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமலே கிடந்தது என்று தெரியவருவதும் உண்டு, அப்போது கடிதம் எழுதுவது இன்னும் சுலபம்.

என்ன மரம் என்பது தனிக் கட்டுரைக்கான விடயம். பணத்தோடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும்: மின்கம்பிக்குக் கீழே வாகை, மருது போன்ற பெரிய மரம் வைத்தால் மின்சாரக்காரர் வருடா வருடம் வெட்டுவார்கள், நீங்கள் செலவழித்தது அரைமரமாக நிற்கும். கடற்காற்று நேரே அடிக்கும் இடத்துக்குப் புன்னை, பூவரசு போன்றவை தாங்கும், சாவு குறையும், மறுநடுகைச் செலவும் குறையும். எப்படியும் பத்தில் ஒன்றிரண்டு போகும் என்று வைத்து மறுநடுகைக்கும் மதிப்பீட்டில் ஒரு தொகை போட்டுவிடுங்கள்.

கடிதம் எழுதத் தெரியாமல் நிற்பவர்களுக்கு ஒரு மாதிரி. இடத்தையும் எண்ணிக்கையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கு, எமது சனசமூக நிலையம் இவ்வருடம் ஆவணி மாதக் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின்படி, சபைக்குரிய பொது மயானத்தின் வடக்கு எல்லையிலும் அதற்குச் செல்லும் ஒழுங்கையிலும் 50 வேம்பு, புங்கு மரங்களை அடுத்த வருட மாரியில் நட விரும்புகிறோம். கன்றுகளை எமது மாதர் சங்கம் வளர்த்துத் தரும். குழி தோண்டுதலும் நடுகையும் சிரமதானம், அதன் மதிப்பை இணைத்துள்ளோம். சபையிடம் கேட்பது: கூட்டெரு 2 உழவு இயந்திரப் பெட்டி, 50 கம்பிக்கூடுகள், மயானக் கிணற்றுக்கு ஒரு நீர்த்தொட்டியும் குழாயும், மேலும் நடுகைக்குப் பின் வரும் இரண்டு வருடங்களுக்கும் மே முதல் செப்டெம்பர் வரை தண்ணீர் ஊற்றும் ஒருவருக்கான கொடுப்பனவு. இக்கொடுப்பனவை உரிய வருடங்களின் பாதீட்டில் தனித் தலைப்பாகச் சேர்க்குமாறும், ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் உயிரோடுள்ள கன்றுகளை எமது வட்டார உறுப்பினர் முன்னிலையில் எண்ணியபின் அதன் கடைசித் தவணையை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். பிரதி: செயலாளர், வட்டார உறுப்பினர்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சபையின் திகதி முத்திரை வாங்கிச் சங்கக் கோப்பில் போடுங்கள்.